லியோனார்டா மேவெதரா, அப்பாவோட கணக்கு

கண்ணா,

போன்ல பேசிட்டிருக்கும்போதே உனக்கு ஷிப்ட்டுக்கு நேரமாயிடுச்சு, பாதியில வச்சுட்ட, அதான் மீதிய எழுதி அனுப்புறேன். பாக்ஸிங்ல 1981ல இருந்த லியோனார்டும் 2007ல இருந்த மேவெதரும் 147 பவுண்டு எடைப் பிரிவுல மோதினா யாரு ஜெயிப்பான்னு கேட்ட, நீயே மேவெதர்னு பதிலும் சொல்லிட்ட. 50 ஃபைட்டு ஜெயிச்சு ஒண்ணுகூட தோக்காம 50-0ன்னா சும்மாவாப்பான்னு வேற. சும்மா இல்லதான். ஆனா எத்தனை ரவுண்டுன்னு நீ சொல்லவே இல்லயே?

எனக்கு அங்கதான் மேட்சே இருக்கு. லியோனார்டு காலத்துல டைட்டில் ஃபைட்னா 15 ரவுண்டு. 1982 நவம்பர்ல கொரியாக்காரன் டுக் கூ கிம், மான்சினி கூட ஆடும்போது 14வது ரவுண்டுல விழுந்து சில நாள்ல செத்தே போனான், அதுக்கப்புறம்தான் டைட்டில் குடுக்கிற அமைப்புகள்ல ஒண்ணான டபிள்யூபிசி 12ஆ குறைச்சாங்க, மத்தவங்களும் ஒவ்வொருத்தரா குறைச்சாங்க. குறைச்சது சரிதான், உயிரு போன விஷயம், அதுல எனக்கு மறுபேச்சே கிடையாது. ஆனா மேவெதர் 13வது ரவுண்டுன்னு ஒண்ண பாத்ததே இல்ல, லியோனார்டு ஜெயிச்சதே அங்கதான்.

ஹெர்ன்ஸ் ஃபைட்ட எடுத்துக்கோ, 1981 செப்டம்பர், லாஸ் வேகாஸ். ஹெர்ன்ஸ் 32-0, அதுல 30 நாக்அவுட், ஆறடி ஒரு இஞ்ச் உயரம். அந்த நீளக் கையால ஜாப், அதான் முன்னாடி நீட்டியிருக்கிற கையால நேரா விடுற குத்து, போட்டுப் போட்டே லியோனார்டோட இடது கண்ண வீங்க வச்சுட்டான். மூணு ஜட்ஜும் ஹெர்ன்ஸுக்குதான் லீட் குடுத்திருக்காங்க. 12வது முடிஞ்சு ஸ்டூல்ல உக்காந்தா லியோனார்டோட ட்ரெய்னர் ஏஞ்சலோ டண்டி மூஞ்சிக்கு நேரா வந்து கோட்டை விடுறடா மகனே, கோட்டை விடுறன்னு கத்துறார். எந்திரிச்சுப் போனவன் 13வதுல ஹெர்ன்ஸ கயித்துக்கு வெளிய தள்ளி, 14வதுல கயித்தோரமா வச்சு அடிச்ச அடியில ரெஃபரியே வந்து நிறுத்துறாரு. அன்னிக்கு 12 ரவுண்டுன்னு இருந்திருந்தா லியோனார்டு தோத்த ஆளு.

மேவெதர் மேட்டருக்கு வரேன். இடது தோள தூக்கி தாடைய அதுக்குப் பின்னாடி ஒளிச்சு, இடது கை வயித்துக்குக் குறுக்க, வலது கை கன்னத்துகிட்ட. எதிராளி ரைட், அதான் வலது கைக் குத்து, போட்டா தோள்ல பட்டு வழுக்கிப் போயிடும், அவன் கைய இழுக்கிறதுக்குள்ள இவன் ரைட் மூஞ்சில இருக்கும். இத உடைக்கிறது லேசில்ல. மோஸ்லி 2010ல ரெண்டாவது ரவுண்டுல ஒரு ரைட்ல மேவெதர் முட்டிய மடக்க வச்சான், நீயும் பாத்திருப்ப, அதுக்கப்புறம் என்ன ஆச்சு, மேவெதர் கட்டிப்புடிச்சு அந்த ரவுண்ட ஓட்டிட்டு மூணாவதுலேருந்து முன்னாடி நடந்து வந்து ஆடினான், ரெண்டு ஜட்ஜு மேவெதருக்கு 119-109ன்னு பாயிண்ட் போட்டாங்க. அந்த நெஞ்சழுத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்டா, அத நான் குறைச்சுப் பேசவே மாட்டேன்.

ஆனா 2006ல ஜூடா முதல் நாலு ரவுண்டு மேவெதர தடுமாற வச்சானே, எதால? வேகம். ஜூடா இடதுகை ஆட்டக்காரன்கிறதும் சேந்துக்கிச்சு, ஆனா முக்கியமா கை வேகம். அப்புறம் ஜூடா சோந்துட்டான், மேவெதர் எடுத்துக்கிட்டான். லியோனார்டுக்கு அதே வேகம், இன்னும் அதிகமாவே இருக்கும், 15 ரவுண்டும் குறையாது. உயரமும் கை நீளமும் ரெண்டு ரெண்டு இஞ்ச் கூட. டெ லா ஹோயா ஜாப் போட்ட வரைக்கும் மேவெதருக்குக் கஷ்டமாதான் இருந்துச்சு, அவன் ஜாப்ப விட்டப்புறம்தான் ஈசியாச்சு. லியோனார்டு ஜாப்ப விடுற ஆளில்ல.

லியோனார்டு ஃபைட்டுன்னா நெறய பேரு ஹெர்ன்ஸ், டுரான் கூட ஆடினதோட நிறுத்திக்கிறாங்க, எனக்கு இந்த மேட்சுக்கு சாட்சி 1979 பெனிடெஸ் ஃபைட்டுதான். பெனிடெஸ் அப்ப தோல்வியே தெரியாதவன், தலைய அரை இஞ்ச் நகத்தியே தப்பிப்பான், மேவெதர் மாதிரி ஆளு ஒருத்தன லியோனார்டு பிரைம்ல சந்திச்சான்னா அது இவன்தான். லியோனார்டு அடிச்சதுல பாதி காத்துலதான் போச்சு. போனாலும் மூணாவது ரவுண்டுல ஒரு ஜாப்லயே உக்கார வச்சான், 15வதுல மறுபடி விழ வச்சு, முடிய 6 செகண்ட் இருக்கும்போது ரெஃபரி நிறுத்தினாரு. படிச்சுப் படிச்சு அடிக்கிற ஆளுடா அவன், ஒரே ராத்திரில ரெண்டு மூணு பிளான் மாத்துவான்.

இன்னொண்ணு, 1978ல லியோனார்டு மேவெதரோட அப்பா கூடயே ஆடி 10வது ரவுண்டுல நிறுத்தியிருக்கான், உன் மேவெதருக்கு அப்ப ஒண்ணரை வயசு. மகனுக்கு அந்த தோள் வித்தைய சொல்லிக்குடுத்ததே அந்த அப்பாதான். இத நான் ஆதாரமா சொல்லல, மகன் அப்பாவ விட பல மடங்கு பெரிய ஆளு, இருந்தாலும் அந்த ஸ்டைல் லியோனார்டுக்குப் புதுசில்ல.

என் கணக்கு இதான். 12 ரவுண்டுன்னா மேவெதருக்கு 7, லியோனார்டுக்கு 5, மனசில்லாமதான் சொல்றேன், நடு ரவுண்டுகள்ல அவனோட ரைட் லியோனார்டு மேல நெறய விழும், லியோனார்டு கைய தொங்கப் போட்டே ஆடுறவன். 15 ரவுண்டுன்னா லியோனார்டு, பாயிண்ட்ல, கடைசி மூணும் அவனோடது. நாக்அவுட் கிடையாது, மேவெதர எவனும் படுக்க வைக்க முடியாது.

லீவு நாள்ல பெனிடெஸ் ஃபைட்ட ஹைலைட்ஸா இல்லாம முழுசா பாரு, சவுண்ட ஆஃப் பண்ணிட்டு ரவுண்டு ரவுண்டா ஸ்கோர் போட்டு எனக்கு அனுப்பு. என்னோடதும் இங்க எழுதி வச்சிருக்கேன், உன்னோடது வந்தப்புறம்தான் காட்டுவேன்.

அப்பா