சோயா மூட்டையில் இல்லாத எண்

பொள்ளாச்சி, பல்லடம் பக்கமிருந்து எங்களுக்குச் சோயாப் புண்ணாக்கு அனுப்பும் மொத்த வியாபாரிகளுக்கு,

வணக்கம். கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 3,000 முட்டைக்கோழி வைத்திருப்பவன் எழுதுகிறேன். தீவனத்தை நானே அரைத்துக் கலக்குகிறேன். மக்காச்சோளம் எப்படியோ கிடைத்துவிடும். சோயா மட்டும் வேலந்தாவளம் எல்லை தாண்டி உங்களிடமிருந்துதான் வரவேண்டும்.

சித்திரையில் வந்த லோடைப் பிரித்ததுமே வறுத்த கடலை வாசம். நிறமும் கருப்பட்டித் தூள் மாதிரி. மூட்டையில் புரதம் 46 சதவீதம் என்று போட்டிருந்ததால் பேசாமல் கலந்துவிட்டேன். மூன்றாவது வாரம், தினம் 90 அட்டை முட்டை (அட்டைக்கு 30) எடுத்த இடத்தில் 81 அட்டைதான். முட்டையும் சிறுத்துவிட்டது. வெயிலாக இருக்கும் என்று கூரைமேல் சாக்கு விரித்து நனைத்துப் பார்த்தேன், பலனில்லை.

தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவர் வந்தார். வெள்ளைத் தட்டில் சோயாவைப் பரப்பி, யூரியாவும் பீனால் ரெட் என்ற நிறம் மாறும் சாயமும் கலந்த கரைசலை ஊற்றினார். பதமாக வெந்த சோயா என்றால் ஐந்து நிமிடத்தில் அங்கங்கே சிவப்புப் புள்ளி தெரியும், சரியாக வேகாததென்றால் தட்டே சிவந்துவிடும் என்றார். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். ஒரு புள்ளி இல்லை. அளவுக்கு மேல் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

சோதனைக்கு அனுப்பினால், புரதம் 46தான்! நீங்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தப் புரதத்தில் காரக் கரைசலில் கரைவது 64 சதவீதம்தான். 73 முதல் 85 வரை இருக்கவேண்டும். சூடு மிஞ்சினால் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலம் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, கோழி உடம்பில் சேராமல் எச்சத்தோடு போய்விடுகிறது. அதற்காக அரைவேக்காடாக அனுப்பிவிடாதீர்கள். அதில் டிரிப்சின் என்ற செரிமான நொதியைத் தடுக்கும் பொருள் அப்படியே இருக்கும், தின்றது செரிக்காது.

மூட்டையில் போடும் எண், நைட்ரஜனை அளந்து 6.25ஆல் பெருக்கி வருவது. அந்த நைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. நூறு கிலோவில் ஒரு கிலோ யூரியா சேர்த்தாலே கிட்டத்தட்ட இரண்டரை சதவீதம் ஏறிவிடும். நீங்கள் கலக்கிறீர்கள் என்று சொல்லவில்லை, அந்த எண்ணை நம்பி வாங்க முடியாது என்கிறேன்.

ஒவ்வொரு லோடு பில்லிலும் கரையும் புரதத்தின் அளவையும் சோதித்த தேதியையும் எழுதித் தாருங்கள். அதற்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் கொடுக்கிறேன். தினம் ஒன்பது அட்டை இழந்தவனுக்கு அது பெரிய காசில்லை.

அந்த லோடிலிருந்து ஒரு கிலோவைப் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பக்கம் வந்தால் திறந்து முகர்ந்து பாருங்கள், இன்னும் அதே வாசம்தான்.