பாலை நிறுத்தும் முன் ரத்தத்தைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிறுநீரகக் கல் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மும்பை வெயிலுக்கு நிறையத் தண்ணீர் குடிக்கச் சொன்னது சரி. ஆனால் கல் வந்தவர்கள் பால், தயிரை அடியோடு விட்டுவிட வேண்டும் என்ற வரியை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை. பணிக்காலம் முழுக்கப் பரேலில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதித்தவள் நான். இப்படி யாரோ சொன்னதைக் கேட்டு மோரைக்கூடத் தொடாமல் இருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

நம் சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 10 கிராம் கால்சியத்தை ரத்தத்திலிருந்து வடிக்கின்றன. சிறுநீரில் போவது பெரும்பாலும் 100 முதல் 200 மில்லிகிராம்தான். மற்றதெல்லாம் சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்குழாய்கள் வழியாக ரத்தத்துக்கே திரும்பிவிடுகிறது. அதில் பெரும்பகுதி, சோடியமும் தண்ணீரும் திரும்பும்போது கூடவே வந்துவிடும். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடுவது அதனால்தான். பாலைக் குறை சொன்ன கட்டுரை ஊறுகாயையும் அப்பளத்தையும் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

ஹார்மோன்களின் கட்டுப்பாடு முக்கியமாகக் குழாயின் கடைப் பகுதியில், சுமார் பத்தில் ஒரு பங்கு கால்சியம் திரும்பும் இடத்தில் இருக்கிறது. அங்குள்ள செல்களில் டிஆர்பிவி5 என்ற வாசல் வழியாகக் கால்சியம் உள்ளே வரும். கால்பிண்டின் என்ற புரதம் அதைப் பிடித்து மறுபக்கம் சேர்க்கும். அங்கிருந்து பம்புகள் அதை ரத்தத்துக்குத் தள்ளும். ரத்தத்தில் கால்சியம் சற்றுக் குறைந்தாலும், கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் பிடிஎச் ஹார்மோனைச் சுரக்கும். உடனே அந்த வாசல் கூடுதலாகத் திறக்கும். வைட்டமின் டியைச் சிறுநீரகம் செயல்படும் வடிவத்துக்கு மாற்றுவதும் இந்த ஹார்மோன் தூண்டுவதால்தான். அந்த வைட்டமின், வாசலையும் கால்பிண்டினையும் இன்னும் அதிகமாக உருவாக்க வைக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் குறைவதால் சிறுநீரில் கூடுதல் கால்சியம் போகிறது. எங்கள் வயதுப் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செம்பூரில் இருக்கும் என் நாத்தனாருக்குத் திரும்பத் திரும்பக் கல் வந்தது. பாலை விட்டும் நிற்கவில்லை. கடைசியில் பார்த்தபோது ரத்தத்தில் கால்சியம் டெசிலிட்டருக்கு 11.4 மில்லிகிராம், இயல்பைவிட அதிகம். அந்த அளவுக்குப் பிடிஎச் நன்றாகக் குறைந்திருக்க வேண்டும், ஆனால் உயர்ந்திருந்தது. ஒரு சுரப்பி பெருத்து, நிறுத்தாமல் சுரந்துகொண்டிருந்தது. ஹார்மோன் சொன்னபடி சிறுநீரகம் கால்சியத்தைத் திருப்பி அனுப்பினாலும், ரத்தத்தில் அவ்வளவு இருக்கும்போது வடிவதும் மிகுதி, சிறுநீரில் தங்குவதும் மிகுதி. அந்தச் சுரப்பியை எடுத்த பிறகுதான் கால்சியம் இறங்கியது.

சிறுநீரில் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாவது, உணவில் வரும் ஆக்சலேட் என்ற பொருள். சாப்பாட்டில் வரும் கால்சியம் குடலிலேயே அந்த ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றிவிடும். பாலை நிறுத்தினால் அந்த ஆக்சலேட் சிறுநீருக்குப் போய்ச் சேரும். அமெரிக்காவில் 45 ஆயிரம் ஆண்களை வைத்து நடத்தி 1993-இல் வெளியான ஆய்வில், உணவில் கால்சியம் அதிகம் எடுத்தவர்களுக்குத்தான் கல் குறைவாக வந்தது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குக் கணக்கு வேறு. அவர்கள் மருத்துவர் சொல்வதையே கேட்க வேண்டும்.

கல் மறுபடி மறுபடி வருகிறவர்கள் கால்சியம், ரத்தத்தில் அதைச் சுமக்கும் அல்புமின் என்ற புரதம், பிடிஎச் மூன்றையும் ஒரே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். ஊதா மூடிக் குழாயில் எடுத்த ரத்தத்தில் கால்சியம் பார்க்கக் கூடாது. அதில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்த்திருக்கும் இடிடிஏ என்ற வேதிப்பொருள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு அளவைக் குறைத்துக் காட்டிவிடும். கையில் கட்டும் பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்தால் கூட்டிக் காட்டும்.

ஆசிரியர் அவர்கள் பால் பற்றிய அந்த வரிக்கு வரும் ஞாயிறே திருத்தம் வெளியிட வேண்டும். அப்புறம், ஹார்மோன் மருத்துவர் ஒருவரிடம் பாராதைராய்டு பற்றித் தனிக் கட்டுரை கேட்டு வாங்கிப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக ஊழியர்,
செம்பூர், மும்பை