மேல்மண் போவதைத் தடுக்கக் கோரும் ஐந்தாவது மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள்.
அனுப்புநர்: மானாவாரி உழவர்களும் ஆடு மாடு வளர்ப்போரும்.
பொருள்: மேய்ச்சல் புறம்போக்கும் அதையடுத்த மானாவாரி நிலங்களும் பாலையாவதைத் தடுக்கக் கோருதல் தொடர்பாக.
பார்வை: இதே பொருளில் அளித்துப் பதில் பெறாத நான்கு மனுக்கள்.

மதிப்பிற்குரிய ஐயா,

மேட்டு நிலமும் அதன் அடிவாரத்து மேய்ச்சல் புறம்போக்கும் தாங்கள் நேரில் பார்த்த இடங்கள் என்பதால் அவற்றைப் பற்றி விளக்கவில்லை. முதல் மனு கொடுத்து மூன்று மழைக்காலங்கள் கடந்துவிட்ட நிலையில், பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. எங்கள் குறை 'வறட்சி' என்ற தலைப்பில் பதியப்பட்டிருப்பதாக வாய்மொழியாக அறிந்தோம். அந்தப் பதிவைத் திருத்த வேண்டுகிறோம். வறட்சி மழை பெய்தால் தணியும்; நிலம் வளமிழந்து பாலைபோல் மாறும் பாலையாதல் அப்படித் தணிவதில்லை. 1994 ஆம் ஆண்டு உருவாகி, 1996 இல் இந்தியாவும் ஏற்புறுதி அளித்த, பாலையாதலைத் தடுப்பதற்கான ஐ.நா. உடன்படிக்கை, பருவநிலை மாறுபாட்டோடு மனிதச் செயல்களையும் பாலையாதலுக்குக் காரணமாகச் சொல்கிறது. அமெரிக்கச் சமவெளிகளில் 1930களில் புழுதிப் புயல்கள் எழுந்ததற்கும், வறட்சியோடு, மண்ணைப் பிடித்திருந்த புல்வெளியை உழுது தள்ளியதும் காரணமாக இருந்தது.

2. எங்களை மிகவும் வாட்டுவது மேல்மண் இழப்பு. புறம்போக்கில் இருந்த புதர்களும் கொழுக்கட்டைப் புல்லும் விறகுக்காகவும் உழவுக்காகவும் அழிக்கப்பட்ட பின், எஞ்சிய சிறு பரப்பில் எல்லா ஆடுமாடுகளும் மேய்வதால் (எங்கள் ஆடுகளும் அதில் சேர்த்தி என்பதை மறைக்கவில்லை) புல் வேரோடு போய்விட்டது. மூடாக்கு இல்லாத மண்ணின் மீது மழைத்துளி நேராக அறைந்து மேற்பரப்பை ஓடுபோல இறுக்கிவிடுகிறது. அதன்பின் பெய்யும் நீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடி, களித்துகளையும் மட்கையும் முதலில் அரித்துக்கொண்டு போகிறது. எஞ்சுவது பருமணலும் சரளையும்தான். அதில் ஈரம் நிற்பதில்லை. ஈரம் நிற்காததால் விதை முளைப்பதில்லை. முளைக்காததால் அடுத்த மழைக்கு இன்னும் கொஞ்சம் மண் போகிறது. கோடையில் காற்று எடுத்துக்கொள்வது தனிக் கணக்கு. சென்ற பருவத்தில் மூன்று முறை விதைத்தோம். மூன்று முறையும் பறந்து வந்த மணல் நாற்றை மூடியது. ஓடைகள் ஆளுயரத்துக்கு அரித்து இறங்கிவிட்டதால் கன்றுகள் விழுந்து கால் ஒடிகின்றன. அடித்துச் சென்ற மண் கண்மாயில்தான் படிகிறது. அதனால் கண்மாயும் மேடாகி, வந்த தண்ணீரையும் பிடிக்க இடமின்றிக் கிடக்கிறது. ஒரு அங்குல மேல்மண் உருவாகப் பல நூறு ஆண்டுகள் ஆகும், ஐயா. எந்த நிவாரணத் தொகை அதைத் திருப்பித் தரும்?

3. ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்த்துவிட்டது. அதையே பாய்ச்சுவதால் நீர் ஆவியான பின் வயலில் உப்புப் பூக்கிறது.

4. நாங்கள் கேட்பது பெரிய திட்டம் அன்று. சரிவுக்குக் குறுக்கே சம உயர வரப்புகளும், ஓடைகளில் கல் தடுப்புகளும், புறம்போக்கைப் பகுதி பகுதியாக அடைத்துப் புல் மீளும்வரை மேய்ச்சலை மாற்றிவிடும் ஏற்பாடும் போதும். அடைப்பைக் காவல் காக்க நாங்களே முறை வைத்துக்கொள்கிறோம். இன்னொரு மரக்கன்று நடுவிழா மட்டும் வேண்டாம். முன்பு நட்டவை தண்ணீர் ஊற்ற ஆளின்றிக் கருகியதைத் தாங்களும் அறிவீர்கள்.

5. இஸ்ரோ வெளியிட்ட வரைபடத் தொகுப்பின்படி, நாட்டில் சீரழிந்த நிலம் 2011–13 இல் 9.64 கோடி ஹெக்டேராக இருந்து, 2018–19 இல் 9.78 கோடி ஹெக்டேரைத் தாண்டியது. நாட்டின் பரப்பில் இது ஏறத்தாழ 30 விழுக்காடு. 2030க்குள் 2.6 கோடி ஹெக்டேரை மீட்போம் என்று 2019 இல் உலக நாடுகளின் முன் உறுதி கூறப்பட்டது. அந்த உறுதி எங்கள் மேட்டு நிலத்துக்கும் பொருந்தும் அல்லவா? பின் ஏன் ஒரு நில அளவையாளர்கூட வரவில்லை? நான்கு மனுக்களுக்கும் ஒரு வரிப் பதில்கூட எழுத முடியாத அளவுக்கு இது அற்பமான விஷயமா? ஆத்திரத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்தருள வேண்டும். ஆனால் கேள்வியைத் திரும்பப் பெறவில்லை.

ஆகவே, 'வறட்சி' என்ற பதிவைத் திருத்தி, அடுத்த பருவமழை தொடங்கும் முன் இடத்தைப் பார்வையிட்டு, குறைந்தது சம உயர வரப்புப் பணியையாவது தொடங்க ஆணையிடுமாறு மீண்டும் வேண்டுகிறோம். பார்வையிடும் நாளை முன்கூட்டித் தெரிவித்தால், மண் போன இடங்களை நாங்களே உடன் வந்து காட்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள மனுதாரர்கள்