இரண்டாம் நோட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நடந்தது முடிந்துவிட்டது, அதையே நினைத்துக்கொண்டிருக்காதே. வேளைக்குச் சாப்பிடு. வேலையைப் பற்றி நான் கேட்கவில்லை.

வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பள்ளிக்கூட நாளில் கற்பனையாக ஒரு நாட்டைப் பற்றி நீ எழுதிய சுறாநாடு நோட்டு கிடைத்தது. காசிமேட்டுப் பையன் வேறென்ன பெயர் வைப்பான்! துறைக்குள் வரும் கப்பல் வரி கட்ட வேண்டாம், அந்த ஊர்ப் பாட்டு ஒன்று கொடுத்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். துறைமுகத்தில் 32 வருடம் உழைத்த எனக்கு அப்படியொன்று தோன்றியதே இல்லை. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கரை ஒதுங்கியவர்களின் சொற்களை எல்லாம் அகராதியில் சேர்த்துக்கொண்ட நாடு அது. அப்புறம் ஏழாம் அரசர் துறைக்குக் குறுக்கே சங்கிலி போடுகிறார். புதுப் பாட்டு வருவதில்லை. யாரும் வராததால் 'விருந்தாளி' என்ற சொல்லையே அடித்துவிடுகிறார்கள்.

அந்நியருக்கு ஒரே ஒரு தீவு விட்டிருந்தாயே, அது பழவேற்காடு போனபோது நான் சொன்ன கதைதானே? பொன்னேரியில் பஸ் மாறினோம், டச்சுக் கல்லறை வாசலில் எலும்புக்கூடு சிற்பம் பார்த்துப் பயந்தாய். அங்கே 1613-இல் கோட்டை கட்டிய அதே டச்சுக் கம்பெனிக்காரர்களைத்தான் ஜப்பான் 1641-இல் நாகசாகியின் தெஜிமா தீவில் அடைத்தது. 200 வருடத்துக்கு மேல். ஆனால் கதவைச் சாத்திக்கொண்டும் அங்கே கபூக்கி நாடகம் வளர்ந்தது, மரக்கட்டை அச்சு ஓவியம் வளர்ந்தது. உன் நாடு மட்டும் ஏன் ஊமையானது என்று யோசித்தபடி முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். தேதி ஜனவரி 16.

"நூலகம் எரிந்தது. கொளுத்தியது யார் என்று அரசருக்குத் தெரியும். அவர் யாரிடமும் சொல்லவில்லை."

முதல் நோட்டைப் போகியில் போட்டது நான்தான். பத்தாவது அரையாண்டில் கணக்கில் 31 வாங்கினாய், அந்தக் கோபம். பழைய பேப்பரோடு போய்விட்டது என்று அம்மாவைச் சொல்ல வைத்தேன். நீ பக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தாய், பார்க்கவில்லை என்றே இத்தனை வருடமும் நினைத்தேன். தப்புதான்டா.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்கு போன் போடுவேன். பாட்டு கேட்டால், உன்னைத் தூங்கவைத்த அந்த ஏலேலோ ஒன்றுதான் எனக்குத் தெரியும். எடு.

அப்பா