காசிமேட்டு அக்காவுக்கு

போன ஞாயிறு விடியற்காலை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்த அக்கா, உங்கள் பெயரைக் கேட்காமலே வந்துவிட்டேன்.

கல்லூரி போட்டோ ப்ராஜெக்டுக்கு 'கைகள்' என்று தலைப்பு எடுத்திருந்தேன். இதற்கு முன்னால் எடுத்தது, 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை. அங்கே யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியிருக்கவில்லை. பிரெஞ்சு புகைப்படக் கலைஞர் கார்ட்டியே பிரெஸ்ஸோன் பெரும்பாலும் 50 எம்எம் லென்ஸிலேயே எடுத்தார் என்று படித்ததிலிருந்து நானும் அதைத்தான் கொண்டுபோகிறேன். அதில் ஜூம் கிடையாது, கிட்டப் போயே ஆகணும். போனதும் ஒருவர் சத்தம் போட்டார். அவர் மேல் தப்பில்லை, கேட்காமல் எடுத்தது நான்தான்.

"நம்ம புள்ளதான், விடுப்பா" என்றீர்கள். அப்புறம் டீ வாங்கிக் கொடுத்து, "மொதல்ல கேமராவ கீழ வை, பேசு" என்றீர்கள். ஒரு மணி நேரம் கழித்து நீங்களே கையை நீட்டினீர்கள். பல்பு வெளிச்சத்தில், கண்ணாடி வளையலில் ஒட்டியிருந்த சங்கரா செதில் ஒன்று மின்னியது. ஷட்டர் 1/30 நொடி, கை ஆடினால் படம் கலங்கிவிடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். விரல் நுனி லேசாக அசைந்திருக்கிறது. செதில் அவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறது.

ரொம்ப நன்றி அக்கா. பிரிண்ட் போட்டுவிட்டேன், வரும் ஞாயிறு அதே இடத்துக்குக் கொண்டுவருகிறேன்.