சனிக்கிழமை விநாடி வினா: சான் மரினோ
அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மாலை 6 மணிக்கு மொட்டை மாடியில் பிள்ளைகளுக்கு விநாடி வினா. இந்த முறை சான் மரினோ என்ற குட்டி நாடு. சுற்றிலும் இத்தாலி, மக்கள் சுமார் 34,000 பேர்தான். மயிலாப்பூர் அறுபத்து மூவர் விழாக் கூட்டமே அதைவிட அதிகம்!

2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிற்கு 5 பேரை அனுப்பி 3 பதக்கம் வாங்கினார்கள். அதற்கு முன் ஒன்றுகூட இல்லை. முதல் பதக்கம் அலெசாண்ட்ரா பெரில்லிக்கு, ட்ராப் (பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடுவது) துப்பாக்கி சுடுதலில் வெண்கலம். 2012 லண்டனில் ஷூட்-ஆஃபில் (புள்ளி சமமானால் நடக்கும் கூடுதல் சுற்றில்) தோற்று நான்காவதாக வந்தவர் இவர், பாவம். அப்புறம் ஜியான் மார்கோ பெர்ட்டியோடு கலப்பு அணியில் வெள்ளி. மல்யுத்தத்தில் மைல்ஸ் அமினுக்கு வெண்கலம்.

கேள்விகள் இதை ஒட்டித்தான். பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்லித் தரக் கூடாது. மழை வந்தால் கீழே பார்க்கிங்கில்.