உன் நான்கு கடிதங்கள் மட்டும் இன்னும் கிடைக்கவில்லை

அன்புள்ள நண்பா,

நலம்தானே? போன மாதமே எழுதியிருக்க வேண்டியது. ஏன் எழுதவில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம், கடைசியில் உன்னிடம் ஓர் உதவியும் கேட்கப் போகிறேன்.

என் மெயில் சர்வரில் இருந்த பழைய மெயில்கள் எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என் கையாலேயே அழிந்துபோயின. மெயில்களைச் சேமித்துவைக்கிற டவ்காட் மென்பொருளில் குப்பைப் பெட்டியைத் துடைக்க எப்போதும் ஒரு கட்டளை கொடுப்பேன், 30 நாளுக்கு முன்னால் வந்து சேர்ந்ததை அழித்துவிடு என்று. அன்றைக்கு அதற்குச் சற்று முன்புதான் எந்தப் பெட்டியில் எத்தனை மெயில் என்று எண்ணிப் பார்த்திருந்தேன், அந்த வரியையே மேல் அம்புக்குறியை அழுத்தி எடுத்துத் திருத்தினேன், பெட்டியின் பெயர் வர வேண்டிய இடத்தில் எல்லாப் பெட்டியையும் குறிக்கிற நட்சத்திரக் குறி அப்படியே நின்றுவிட்டது. என்ட்டர் தட்டியதும் ஒன்றும் சொல்லாமல் முடிந்தது. எப்போதும் அப்படித்தான் முடியும் என்பதால் படுக்கப் போய்விட்டேன்.

காலையில் இன்பாக்ஸைத் திறந்தால் ஒரு மாத மெயில்தான் இருக்கிறது. அனுப்பியவை, வேலை, நண்பர்கள், எதைத் திறந்தாலும் அதே ஒரு மாதம். வயிற்றைப் பிசைந்தது. மெயில் நிரலில் டெலீட் பட்டனைத் தட்டினால் குப்பைக்குப் போகும், எடுத்துக்கொள்ளலாம். இந்தக் கட்டளைக்கு அந்த இடைப்படியே கிடையாது. என்னுடையது மெயில்டிர் அமைப்பு, ஒரு மெயிலுக்கு ஒரு ஃபைல், எக்ஸ்பஞ்ச், அதாவது நிரந்தரமாக அழி என்கிற அந்தக் கட்டளையைக் கொடுத்தால் அந்த ஃபைலே போய்விடும். (உன் சர்வரில் பல மெயிலை ஒரே ஃபைலில் வைக்கிற எம்டிபாக்ஸ் அமைப்பு என்று சொன்ன நினைவு. அதில் அழித்தாலும், அழித்ததை டிஸ்க்கில் இருந்து நீக்குகிற பர்ஜ் கட்டளை ஓடும் வரை மெயில் டிஸ்க்கிலேயே கிடக்கும். உனக்கு இப்படி நேர்ந்தால் முதல் வேலையாக குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுகிற க்ரானில் இருக்கிற பர்ஜ் வரியை நிறுத்து.)

பேக்கப் இல்லையா என்று கேட்பாய். இருந்தது. தினமும் ராத்திரி 2 மணிக்கு ஆர்சிங்க் என்ற நிரல் ஓடி இன்னொரு டிஸ்க்கில் எல்லாவற்றையும் அப்படியே நகல் எடுக்கும், அசலில் இல்லாததை நகலிலும் நீக்கச் சொல்லி நான்தான் அமைத்திருந்தேன். நான் தூங்கிக்கொண்டிருந்தபோது அது தன் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்திருந்தது. அந்த நகலில் நேற்றைய நிலை, போன வார நிலை என்று எதுவும் கிடையாது, இன்றைய நிலை ஒன்றுதான். அதை இத்தனை வருடமாக பேக்கப் என்று நம்பிக்கொண்டிருந்தேன் நண்பா.

சரி, மெயிலை வாங்கி அனுப்புகிற போஸ்ட்ஃபிக்ஸையும் டவ்காட்டையும் உடனே நிறுத்தினேன். புதிதாக ஏதாவது எழுதப்பட்டால் பழைய ஃபைல்கள் இருந்த இடத்தின் மேலேயே எழுதப்படலாம் அல்லவா. வருகிற மெயிலைப் பற்றிக் கவலை இல்லை, நம் சர்வர் பதில் சொல்லாவிட்டால் அனுப்புகிற சர்வர் வரிசையில் வைத்துக்கொண்டு மறுபடி மறுபடி முயலும், குறைந்தது 4, 5 நாளாவது முயல வேண்டும் என்றுதான் மெயில் பரிமாற்றத்துக்கான எஸ்எம்டிபி விதியே சொல்கிறது. அப்புறம் யூஎஸ்பியில் இருந்து பூட் செய்து, டிஸ்க் முழுவதையும் ஒரே ஃபைலாகப் படியெடுத்து, மெயில்களின் தலைப்பகுதியில் வருகிற 'ரிட்டர்ன்-பாத்' என்ற சொல்லைத் தேடினேன். மெயில் வெறும் எழுத்துதானே, கிடைத்துவிடும் என்று பெரிய நம்பிக்கை. கிடைத்ததெல்லாம் அழியாமல் இருந்த மெயில்கள்தான். காலியிடம் முழுக்கப் பூஜ்யம். அது எஸ்எஸ்டி, காலியான இடங்களை டிஸ்க்குக்குத் தெரிவித்துத் துடைக்க விடுகிற ட்ரிம் வேலை வாரம் ஒரு முறை, ஞாயிறு முடிந்து திங்கள் பிறக்கிற நேரத்தில் ஓடும்படி இருந்திருக்கிறது. நான் அழித்தது ஞாயிறு ராத்திரி 11 மணிக்கு. செவ்வாய்க்கிழமை அழித்திருந்தால் ஒருவேளை பாதியாவது கிடைத்திருக்கும்.

அதற்குப் பிறகுதான் டிஸ்க்கை விட்டுவிட்டு, இந்த மெயில்கள் வேறு எங்கெல்லாம் இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தேன். முதலிலேயே அப்படி யோசித்திருக்க வேண்டும். சர்வரை வேறு இயந்திரத்துக்கு மாற்றியபோது ஒரு வெளி டிஸ்க்கில் எடுத்த முழு நகல் அலமாரியில் இருந்தது, இரண்டரை மாதத்துக்கு முந்தையது. அதிலிருந்த ஃபைல்களை ஒவ்வொரு பெட்டியிலும் 'கர்' (cur) என்ற அடைவில் போட்டதுமே டவ்காட் எடுத்துக்கொண்டது. ஃபைல் பெயரின் கடைசியில் படித்ததற்கு எஸ், பதில் போட்டதற்கு ஆர் என்று எழுத்துகள் இருக்குமே, அதனால் படித்தது படிக்காதது கூட மாறவில்லை. சர்வரின் பதிவேடான லாகில் சில மெயில்களுக்கு மட்டும் ஒரு வரி வந்தது: அழிக்கப்பட்ட மெயில் மறுபடி தோன்றியிருக்கிறது, புதிய எண் தருகிறேன் என்று. அந்த வரிகள் ஓட ஓடப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன், கண் கலங்கிவிட்டது.

மிச்சம் இருந்தது நடுவில் ஒன்றரை மாதம். அதற்குக் கைகொடுத்தது என் பழைய லேப்டாப். அதில் தண்டர்பேர்ட் என்ற மெயில் நிரல் இருக்கிறது, கடைசியாகத் திறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. இந்த இடத்தில்தான் ரொம்பக் கவனம் வேண்டும். நெட்டோடு திறந்தால் அது சர்வரைக் கேட்கும், இங்கே ஒன்றுமில்லை என்று சர்வர் சொல்லும், தன்னிடம் இருப்பதையும் பட்டியலில் இருந்து எடுத்துவிடும். அதனால் வீட்டு ரவுட்டரையே அணைத்துவிட்டுத்தான் லேப்டாப்பை ஆன் செய்தேன். தண்டர்பேர்டைத் திறக்காமல் முதலில் மெயில்கள் இருக்கிற அதன் ப்ரொஃபைல் ஃபோல்டரை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொண்டேன். பிறகு ஆஃப்லைனிலேயே திறந்து, எல்லாவற்றையும் லோக்கல் ஃபோல்டருக்கு நகர்த்தி, அங்கிருந்து மறுபடி சர்வருக்கு ஏற்றினேன்.

இன்பாக்ஸ் வந்தது, அனுப்பியவை வந்தன. 'நண்பர்கள்' பெட்டியை மட்டும் ஆஃப்லைனில் வைக்கச் சொல்லி நான் எப்போதோ டிக் போடாமல் விட்டிருக்கிறேன், அதனால் லேப்டாப்பில் அதன் பட்டியல் மட்டும்தான் இருந்தது. அதில் உன் பெயரில் நான்கு மெயில்கள் வரிசையாகத் தெரிந்தன, தேதியும் தலைப்பும் இருக்கின்றன. மூன்றாவதின் தலைப்பு 'அம்மாவுக்கு ஆபரேஷன் முடிந்தது'. தட்டினால் வெள்ளைத் திரை. இரண்டு முறை படித்த கடிதம் அது, நீ ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதியது. அதற்குச் சரியாகப் பதில்கூடப் போடவில்லை நான்.

இப்போது டவ்காட்டின் லேசி எக்ஸ்பஞ்ச் ப்ளகினைப் போட்டுவிட்டேன், எதை அழித்தாலும் தனிப்பெட்டி ஒன்றுக்குப் போய் 90 நாள் இருக்கும். நீயும் போடு, ஆனால் மெயில் நிரல்கள் சர்வரோடு பேசுகிற ஐமேப் பகுதியில் மட்டும் போடாதே, பொதுவான ப்ளகின் வரியில் சேர்த்தால்தான் கட்டளை கொடுத்து அழிக்கிறபோதும் காப்பாற்றும். அழிக்கும் முன் அதே நிபந்தனையோடு தேடல் கட்டளையை ஒருமுறை ஓட்டி, எத்தனை வருகிறது என்று பார்த்துக்கொள்கிறேன். ஆர்சிங்க்கை எடுத்துவிட்டு நாளுக்கொரு ஸ்னாப்ஷாட், அதாவது அன்றைய நிலையின் தனி நகல், வைத்திருக்கிறேன்.

உன் அனுப்பியவை பெட்டியில் அந்த நான்கும் இருக்கும். சாதாரணமாக ஃபார்வர்ட் செய்யாதே, தேதி மாறிவிடும். இணைப்பாக ஃபார்வர்ட் செய்தால் அசல் அப்படியே வரும். அம்மா இப்போது நடக்கிறார்களா? அதையும் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்